மூணு நாள்ல சீஷர், கையோட சர்ட்டிபிகேட்

அயோத்தியாப்பட்டணம் மெயின் ரோட்டுச் சுவருங்களுக்கு ஓய்வே கிடையாதுங்க. ஆடித் தள்ளுபடி, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா. இதுக்கெல்லாம் நடுவுல இடம் பிடிச்சு நம்ம சபைக்காரங்களும் ஒட்டிருவாங்க. அதுல ஒரு வகை போஸ்டரைப் பாத்தாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. மூணு நாள் சீஷத்துவப் பயிற்சி, முடிவுல சான்றிதழ் உண்டு! (மத்தியானச் சாப்பாடும் உண்டு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.) சீஷர்னு முதல்ல பேர் வாங்கின பன்னெண்டு பேரை இயேசு ஏறக்குறைய மூணு வருஷம் கூடவே வெச்சிருந்தார். ஒண்ணா நடந்து, ஒண்ணா சாப்பிட்டு, ஒண்ணா படுத்து எந்திரிச்சவங்க. அதுக்கப்புறமும் ஒருத்தன் காசுக்குக் காட்டிக் குடுத்தான், ஒருத்தர் ஆளையே தெரியாதுன்னாரு, மிச்சப்பேர் ராத்திரியோட ராத்திரியா ஓட்டம் பிடிச்சாங்க. நம்ம முகாம்ல பரீட்சை வெச்சிருந்தா அத்தனை பேரும் பெயில். நாம வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை பிரியாணியோட முடிச்சிடறோம்.

போஸ்டர் ஒரு சாக்குதான். விஷயம் வேற. இன்னைக்கு நம்ம சபைகள்ல சீஷத்துவம்ங்கறது ஒரு நிகழ்ச்சியாவும், பரிசுத்த ஜீவியம்ங்கறது ஒரு தடைப் பட்டியலாவும் சுருங்கிப்போச்சு. நகை போடாதே, சினிமா பாக்காதே, பூ வெக்காதே, அதைத் தொடாதே, இதைத் தின்னாதே. ரெண்டுலயும் ஒரு வசதி இருக்கு, எண்ணிக் காட்டிடலாம். எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் கை தூக்கினாங்க, எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தண்ணில இறங்கினாங்க, எத்தனை பேர் கம்மலைக் கழட்டினாங்க. நான் சொல்றது இதுதாங்க: ஒரு ஆளோட சீஷத்துவம் அவர் ஒரு இடத்துல தங்கி வாழறதுலதான் தெரியும். அந்த இடத்துச் சனத்தோட தண்ணி, கடன், காய்ச்சல் இதுல அவர் என்ன செஞ்சாருங்கறதுலதான் பரிசுத்தம் தெரியும். கூட்டத்துல தெரியாது, கம்மல்லயும் தெரியாது. இதுக்கு ஆதாரம் தேடி எருசலேமுக்கு டூர் போக வேண்டாம். நம்ம ஊர்ல இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதானே?

வடக்கே அரூர் ரோட்டைப் பிடிச்சா சித்தேரி மலைப் பக்கம் போகலாம். கிழக்கே வாழப்பாடி, ஆத்தூர்னு போனா கல்வராயன். தெற்கே ராசிபுரம், சேந்தமங்கலம் வழியா கொல்லிமலை. அதுக்கும் கிழக்கே பச்சைமலை. இந்த மலைங்களை நம்பி வாழ்க்கையையே அடகு வெச்ச ஒரு புருஷன் பொஞ்சாதி இருந்தாங்க. ஜெஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். ரெண்டு பேரும் இங்கிலீஷ்காரங்க, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்ல வந்தவங்க. ஜெஸி 1907-ல இந்தியா வந்தார். டாக்டர் கிடையாது, கொஞ்ச காலம் மருத்துவப் பயிற்சி எடுத்தவர், அவ்வளவுதான். ஈவ்லின் லண்டன்ல வசதியான வீட்டுப் பொண்ணு, நல்லா படம் வரைவாங்க. 1913-ல கல்யாணம் பண்ணி கொல்லிமலை ஏறினாங்க. இன்னைக்கு காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு எண்ணிக்கிட்டே பைக்ல போறோம், அப்போ ஒத்தையடிப் பாதைதான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டுச் சனம் ராத்திரி தங்கறதுக்கே யோசிச்ச மலை அது. அங்க வாழவந்திங்கற இடத்துல ஜெஸி தன் கையாலயே மரவீடு கட்டினார். 1914-ல மகன் பால் பிறந்தான். (பின்னால வேலூர் சி.எம்.சி.ல தொழுநோயாளிகளோட மடங்கிப்போன கையை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தி உலகம் பூரா பேர் வாங்கின டாக்டர் பால் பிராண்ட் அவர்தான்.)

இப்பக் கணக்குக்கு வருவோம். ஏறிப் போய் ஆறேழு வருஷம் ஒருத்தர் கூட கிறிஸ்தவர் ஆகலை. பூஜ்யம். இன்னைக்கு ஒரு மிஷனரி ஸ்தாபனம் தன்னோட ஊழியக்காரரை ஆறு வருஷ பூஜ்யத்தோட விட்டு வைக்குமா? முதல் வருஷக் கடைசிலயே ஆள் மாறியிருப்பார், ரெண்டாம் வருஷம் பணித்தளமே மூடியிருக்கும், "கனியற்ற இடம்"னு கமிட்டி மினிட்ஸ்ல எழுதியிருப்பாங்க. அந்த ஆறேழு வருஷமும் அவங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கலை. பல் பிடுங்கினாங்க, புண்ணுக்கு மருந்து போட்டாங்க, பள்ளிக்கூடம் வெச்சாங்க, தச்சு வேலை சொல்லிக்குடுத்தாங்க. அதைவிட முக்கியமா, நரம்புச் சிலந்தியோட மல்லுக்கட்டினாங்க.

இந்த நரம்புச் சிலந்தி இப்பத்திய பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியாம இருக்கறதே புண்ணியம். படி இறங்கித் தண்ணி மொள்ற கிணறு, குளம் இதுல இருக்கற பொடிப்பொடி நீர்ப்பூச்சிக்குள்ள இந்தப் புழுவோட குஞ்சு இருக்கும். தண்ணியோட சேத்துக் குடிச்சா உள்ள போயி வளரும். சுமார் ஒரு வருஷம் கழிச்சு, மூணடி வரைக்கும் கூட நீளமா, நூல் மாதிரி ஒரு புழு கால்ல கொப்புளம் வெச்சு வெளிய தலை நீட்டும். வெடுக்குன்னு இழுத்தா அந்துடும், உள்ள நின்ன துண்டு சீழ் பிடிச்சு ஆளையே முடக்கிடும். அதனால ஒரு குச்சில சுத்தி, ஒரு நாளைக்குக் கொஞ்சமா, வாரக்கணக்குல பொறுமையா சுருட்டி எடுக்கணும். கொப்புளம் நெருப்பா எரியறதால அந்த மனுஷன் போயி காலை எங்க வெப்பான்? அதே கிணத்துப் படிலதான். கால் தண்ணில பட்டதும் புழு ஆயிரக்கணக்குல குஞ்சைக் கக்கும், அடுத்த வருஷத்துக்கு ஊருக்கே விதை போட்டாச்சு.

ஜெஸி பிராண்ட் குச்சில சுத்திப் புழு எடுக்கறதை மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருந்தா, அவர் நல்ல மனுஷர்னு சொல்லி நிறுத்திக்கலாம். அவர் கிணத்துக்கே போயிட்டார். படில இறங்கற கிணத்தைச் சுத்திக் கல்லுச் சுவர் வைக்கச் சொன்னார், கயிறு கட்டி வாளில எறைக்கச் சொன்னார். யாரும் கால் வைக்காத தண்ணில புழு எப்படிப் பரவும்? இந்த வியாதிக்குத் தடுப்பூசி இன்னைக்கு வரைக்கும் கிடையாது, கொல்ற மருந்தும் கிடையாது. இந்தியால கடைசி கேஸ் 1996-ல ராஜஸ்தான்ல பதிவாச்சு, 2000-ல நாடு முழுக்க ஒழிஞ்சதுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்துது. அதை முடிச்சுவெச்சது இதே மாதிரி சமாச்சாரங்கதான்: படிக்கிணத்தை மூடறது, துணில வடிகட்டறது, புண்ணுக்காரனைத் தண்ணில இறங்கவிடாதது. குணமளிக்கும் கூட்டம் போட்டு ஒவ்வொரு காலா ஜெபிக்கறதுல தப்பில்லைங்க. ஆனா நோய் கிணத்துல இருக்குன்னு தெரிஞ்சப்புறமும் கால்ல மட்டும் கை வெச்சு ஜெபிக்கறவர் பரிசுத்தவானா, சோம்பேறியா? கொத்தனார் வேலையும் ஜெப வேலைல சேத்தினு நம்பினவங்களாலதான் அந்த மலைல தங்க முடிஞ்சுது.

1918, 19 வாக்குல உலகத்தையே வாரிக்கிட்டுப் போன இன்ஃப்ளூயன்ஸா மலைக்கும் வந்துது. வீட்டுக்கு வீடு படுத்த படுக்கை, உலை வைக்க ஆள் இல்ல. இவங்க ரெண்டு பேரும் அரிசிக் கஞ்சி காய்ச்சி ஊர் ஊரா எடுத்துட்டுப் போய் வாயில ஊட்டினாங்க. அவங்களைக் கடுமையா எதிர்த்துக்கிட்டிருந்த ஒரு பூசாரி காய்ச்சல்ல சாகக் கிடந்தப்போ, பயத்துல சொந்த சனமே கிட்ட வரலை. வந்தவங்க இவங்கதான். தன் குழந்தைகளை வளக்கச் சொல்லி இவங்க கையிலயே ஒப்படைச்சுட்டு அந்த மனுஷன் கண்ணை மூடினார். அதுக்கப்புறம்தான் மலைல சபைன்னு ஒண்ணு முளைச்சுது. இங்க நிதானிக்கணும். "பாத்தீங்களா, சேவை செஞ்சா ஆத்துமா கிடைக்கும்"னு இதை ஒரு உத்தியா மாத்திடறது சுலபம், நம்மாளுங்க பிரசங்கத்துல மாத்தியும் இருக்காங்க. அந்தப் பூசாரி மனசு மாறாமலே போயிருந்தாலும், பூஜ்யம் பூஜ்யமாவே நின்னிருந்தாலும், கிணத்துச் சுவரும் கஞ்சியும் சீஷத்துவம்தான். பலன் வந்ததால அது சரியாயிடலை.

"அப்போஸ்தலர் நடபடிகள் ரெண்டாம் அதிகாரத்துல ஒரே நாள்ல மூவாயிரம் பேருனு எண்ணித்தானே எழுதியிருக்கு? எண்ணறது எப்படிங்க தப்பாகும்?"னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். எண்ணறது தப்பில்ல. அந்த மூவாயிரத்துக்கு அடுத்தாப்புல லூக்கா என்ன எழுதறார்னு பாருங்க. காணி பூமியை வித்தாங்க, இல்லாதவனுக்குப் பங்கு வெச்சாங்க, வீட்டுக்கு வீடு அப்பம் பிட்டாங்க. ஆறாம் அதிகாரத்துல சீஷர் எண்ணிக்கை பெருகிச்சுங்கற அதே மூச்சுல, கிரேக்க பாஷை பேசற விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டுப் பந்தில குறை வெச்சாங்கன்னு ஒரு முறுமுறுப்பு வருது. அதை மறைக்காம எழுதி, ஏழு பேரைப் போட்டு சரிபண்ணினதையும் எழுதறார். அதாவது அந்தச் சபை தலையையும் எண்ணிச்சு, விடுபட்ட தட்டையும் எண்ணிச்சு. நாம முதல் கணக்கை மட்டும் வேத ஆதாரத்தோட எடுத்துக்கிட்டோம்.

இன்னொரு கோஷ்டி, "இதெல்லாம் சமூக சேவை, இதைப் பண்ண என்.ஜி.ஓ. இருக்கு, கவர்மெண்ட் இருக்கு, சபையோட வேலை சுவிசேஷம்"னு சொல்லும். இதுல பாதி உண்மை இருக்கு. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தி நடத்தி, கடைசில அட்மிஷன் சீட்டுக்கும் கமிட்டி தேர்தலுக்கும் அடிச்சுக்கற அமைப்பா முடிஞ்ச கதை நம்ம பழைய மிஷன்கள்ல நிறைய உண்டு. மத்தேயு கடைசி அதிகாரத்துல இருக்கற கட்டளையோ சீஷராக்கச் சொல்றதோட நிக்கலை, கட்டளையிட்டதையெல்லாம் கைக்கொள்ள உபதேசம் பண்ணவும் சொல்லுது. கைக்கொள்றதுன்னா அது வாய் வேலை இல்லையே. ஜெர்மனில போன்ஹோஃபர் 1937-ல சீஷத்துவத்தைப் பத்தி எழுதின புஸ்தகத்துல அடிச்சுச் சொன்னதும் இதைத்தான்: கீழ்ப்படிதல் கேக்காத கிருபை மலிவுச் சரக்கு. சொன்னபடியே நின்னு, 1945 ஏப்ரல்ல ஹிட்லர் ஆளுங்க அவரைத் தூக்குல போட்டாங்க. அவரை யாரும் என்.ஜி.ஓ.ன்னு சொன்னதில்லை.

இதைவிடக் காரமான ஆட்சேபணை ஒண்ணு இருக்கு. "வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துது, வெள்ளைக்காரன் மருந்து குடுத்தான், சனம் மதம் மாறிச்சு. இதுல என்ன பரிசுத்தம்?" இதை மழுப்பக்கூடாதுங்க. அந்தக் காலத்து மிஷனரிகள்ல துரைத்தனம் இருந்துது. அதைச் சொன்னது வெளியாள் இல்ல, நம்ம வெள்ளாளன்விளை வி.எஸ். அசரியா. 1910-ல எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டு மேடைல நின்னு, தியாகம் பண்றீங்க, சரி, ஆனா எங்களோட சமமா உக்காந்து நண்பரா பழகத் தெரியலையேங்கற கருத்துல அவர் பேசினது அந்தச் சபையையே நெளிய வெச்சுது. ரெண்டு வருஷத்துல அவரே தோர்ணக்கல்லுக்குப் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபைல முதல் இந்தியப் பிஷப். அசரியா வெச்ச அளவுகோலையே பிராண்ட் தம்பதி மேலயும் வைக்கலாம். மருந்து ஒரு தூண்டில்னா ஆறேழு வருஷம் மீன் சிக்காத குட்டையில யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க. 1929-ல ஜெஸி கருநீர்க் காய்ச்சல்ல செத்துப்போனார், வயசு 44. பொஞ்சாதி கப்பல் ஏறிப் போயிட்டுத் திரும்பி வந்தாங்க. 1947 வாக்குல, 68 வயசுல, மிஷன் அவங்களுக்கு ஓய்வு குடுத்து அனுப்பிச்சுது. வெள்ளைக்காரன் ஆட்சியும் போச்சு, மிஷன் சம்பளமும் போச்சு. அந்தம்மா சொந்தப் பொறுப்புல மறுபடி மலை ஏறினாங்க! கொல்லிமலையோட விடலை, கல்வராயன், பச்சைமலைனு மட்டக்குதிரைல சுத்தினாங்க. விழுந்தாங்க, எலும்பு முறிஞ்சுது, ரெண்டு கையிலயும் மூங்கில் தடி பிடிச்சு நடந்தாங்க. டாக்டர் மகன் கெஞ்சியும் இறங்கலை. வீட்டுல இருந்த முகக்கண்ணாடியைக் கூட எடுத்துட்டாங்களாம். 1974 டிசம்பர்ல, 95 வயசுல இறந்தாங்க. வாழவந்தில புருஷன் பக்கத்துலயே அடக்கம். கடைசி 27 வருஷத்துக்கு எந்த ஆட்சியைக் காரணம் சொல்றது?

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு அவங்களோட முழுசா ஒத்துப்போக முடியலை. பாலுக்கு ஒம்பது வயசுல, 1923-ல, படிக்க இங்கிலாந்துல விட்டுட்டு வந்தாங்க. அப்பாவை அந்தப் பையன் மறுபடி பாக்கவே இல்ல. அப்பா செத்த தந்தி வந்தப்புறமும், அவர் முன்னாடி எழுதி கப்பல்ல போட்ட கடிதாசிங்க வந்துக்கிட்டே இருந்துச்சாம். அந்தக் காலத்து மிஷனரிகள் எல்லாரும் அப்படித்தான் பண்ணினாங்கன்னு சொல்லலாம். அது காரணம்தான், சமாதானம் ஆகாது. இன்னைக்கும் ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைங்க அப்பாவைக் கன்வென்ஷன் மேடைல மட்டும் பாக்கற நிலைமை இருக்கு. தங்கறதுதான் சீஷத்துவம்னு நான் சொன்னா, சொந்த வீட்டுல தங்கறதும் அதுல சேரணும். பிராண்ட் தம்பதியைப் படம் போட்டு மாலை மாட்டறவங்க இந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சிடறாங்க.

"சரிங்க, நாங்க மலை ஏற முடியாது. கீழ இருக்கற விசுவாசி என்ன பண்றது?" இதுதான் கடைசி ஆட்சேபணை, இதுக்குத்தான் எனக்கு ரொம்ப ஆர்வம். நம்ம பக்கம் படிக்கிணறு போச்சு, புழு போகலை, ரூபம் மாத்திக்கிச்சு. மரவள்ளிக் கிழங்கு லோடு சேகோ பேக்டரிக்கு வந்ததும் மாதிரி எடுத்து மாவுச்சத்துக்கு "பாயிண்ட்" பாப்பாங்க, அந்தப் பாயிண்டுக்குத்தான் ரேட். ஒரு பாயிண்ட் குறைச்சுச் சொன்னா விவசாயிக்கு லோடு மொத்தத்துலயும் அடி. வெளுப்பு வரணும்னு கெமிக்கல், லாபம் வரணும்னு மக்காச்சோள மாவு கலக்கறதுன்னு ஜவ்வரிசித் தொழில்ல இருக்கற சங்கதி சேலத்துல யாருக்குத் தெரியாது? பாயிண்ட் பாக்கற இடத்துல ஒரு விசுவாசி வேலை செய்யறார்னு வைங்க. அவரோட பரிசுத்த ஜீவியம் அந்த அளவுல இருக்கா, வெள்ளைச் சட்டைல இருக்கா? அடுத்தது வட்டி. கந்துவட்டிக்கு 2003-லயே தமிழ்நாட்டுல தடைச் சட்டம் வந்தாச்சு. தினவட்டி, மீட்டர் வட்டி விடறவர் தசமபாகம் சரியா குடுத்தா முன்வரிசை நாற்காலி போடற சபை, சினிமா பாத்த வாலிபனை மட்டும் சாட்சி சொல்ல வெக்குது. அப்புறம் சாதி. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகள்ல சாதி வித்தியாசத்தை உடனே, அடியோட விடணும்னு சுற்றறிக்கை விட்டார். 190 வருஷத்துக்கு மேல ஆச்சு. வரன் பாக்கறப்போ "இரட்சிக்கப்பட்ட பெண் தேவை"க்குப் பக்கத்துலயே இன்ன சாதின்னும் போட்டுத்தான் விளம்பரம் வருது. பூ வெச்சது பாவம்னு கண்டுபிடிச்ச கண்ணுக்கு இது தெரியலை பாருங்க.

இவ்வளவு சொன்னியே, என்னதான் பண்ணச் சொல்றேன்னு கேப்பீங்க. ஒரே ஒரு காரியம், அதுவும் காகித வேலைதான். ஊழியக்காரங்களுக்குச் சம்பளம் அனுப்பற ஸ்தாபனங்கள்ல மாசாந்திர ரிப்போர்ட் படிவம் ஒண்ணு இருக்கும். சந்திச்ச வீடு, குடுத்த கைப்பிரதி, ஜெபக்கூட்டம், ஞானஸ்நானம், காணிக்கைன்னு கட்டம் கட்டமா இருக்கும். அதுல ரெண்டு கட்டம் கூடுதலா போடுங்க. இந்த ஊர்ல நீங்க தொடர்ந்து எத்தனை வருஷமா குடியிருக்கீங்க? இந்த ஊரோட எந்தக் கஷ்டத்துல இந்த மாசம் கை வெச்சீங்க? ரேஷன் கார்டு இல்லாத பாட்டிக்காகத் தாலுகா ஆபீஸ் நடந்தது, வட்டிக்காரன்கிட்ட சிக்கினவனுக்காகப் பேசப் போனது, குடிக்கற பைப்புல சாக்கடை கலக்குதுன்னு பேரூராட்சில மனு குடுத்தது, எதுவா இருந்தாலும் சரி. மனு குடுத்த ஊர்ல ஒருத்தரும் சபைக்கு வராட்டியும் அதை எழுதலாம்னு படிவத்துலயே அச்சடிச்சிடுங்க. மொதல்ல கொஞ்ச வருஷம் ஞானஸ்நானக் கட்டம் காலியாவே வரும், தலைமை ஆபீஸ்ல முகம் சுளிப்பாங்க. அதுக்காக அந்த ஊழியக்காரரை இடம் மாத்தாம, சம்பளத்தை நிறுத்தாம இருக்க எந்தக் கமிட்டி துணியும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.